பதுளையில் படிப்பு, நமுனுகுலயில் வீடு: எந்தப் பகுதிநேர வேலை சரிவரும்?

நமுனுகுல_மாணவி:

எல்லாருக்கும் வணக்கம். பதுளை உயர் தொழினுட்பவியல் நிறுவகத்துல கணக்கியல் டிப்ளோமா முதலாம் வருஷம் படிக்கிறேன். வயசு 20. கிழமை நாள்ல காலை 8.30 முதல் பின்னேரம் 4 மணி வரை விரிவுரை. டவுன்ல போர்டிங். வெள்ளி பின்னேரம் வீட்டுக்குப் போயிருவேன், நமுனுகுல பக்கம் தோட்டம். போர்டிங் காசும் பஸ் காசுமாவது என் கையால வரணும்.

இப்போதைக்குக் கண்ணுல பட்டது நாலு. எல்லயில ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல சனி ஞாயிறு ரிசப்ஷன் வேலை. பதுளை டவுன்ல ஒரு புடவைக் கடையில தினமும் பின்னேரம் 4.30 முதல் 7.30 வரை. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன். நாலாவது, வட்ஸ்அப்புல வந்த "வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி". அதுக்கு முதல்ல 2,500 ரூபா ரெஜிஸ்ட்ரேஷன் கட்டச் சொல்றாங்க.

எதுக்குப் போகலாம்? பகுதிநேர வேலைக்கும் இ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பிடிப்பாங்களா? மகாபொல உதவிப்பணத்துக்கு ஏதும் பிரச்சினை வருமா? முன்அனுபவம் இல்லாம சுயவிபரக் கோவையில என்ன எழுதுறது?


ஊவா_கணக்கர்:

தங்கச்சி, சம்பளத்தை வேலை செய்யிற மணித்தியாலத்தால மட்டும் வகுக்காதீங்க. ரோட்டுல போற நேரத்தையும் சேர்த்து வகுங்க. மலைநாட்டுல படிக்கிற பிள்ளைகள் வேலையை இடையில விடுறதுக்குப் பெரும்பாலும் காரணம் இந்தக் கணக்கை முதல்லயே போடாததுதான்.

எல்ல வேலையை எடுத்துக்குவோம். ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், நாளுக்கு 1,200 ரூபா தர்றாங்கன்னு வச்சுக்குங்க. மாசத்துல 8 நாள், 9,600 ரூபா. இ.பி.எஃப். 8 வீதம், அதாவது 768 ரூபா கழிஞ்சா கையில 8,832. நமுனுகுலயில இருந்து எல்ல–பசறை வீதியால போக வர ஒரு நாளைக்கு 300 ரூபா செலவுன்னா மாசம் 2,400. மிச்சம் 6,432. வேலை 64 மணித்தியாலம், பஸ்ஸுக்குக் காத்து நிக்கிறதும் பயணமும் நாளுக்கு 2 மணித்தியாலம்னு 16. மொத்தம் 80. ஆக மணித்தியாலத்துக்கு 80 ரூபா சொச்சம்.

டியூஷனுக்கும் அதே கணக்கு. 8 பிள்ளைகள், ஆளுக்கு மாசம் 800. எட்டுப் பேரும் கட்டுவாங்கன்னு நம்பாதீங்க, ஆறு பேர்னு வைங்க: 4,800. போட்டோகொப்பிக்கு 600 போனா 4,200. கிழமைக்கு 4 மணித்தியாலம், மாசத்துக்கு 16. மணித்தியாலத்துக்கு 262 ரூபா. பஸ் இல்லை. ஆனா பாடம் தயார்பண்ற நேரத்தையும் சேர்த்தா 24 மணித்தியாலம் ஆகும், அப்பவும் 175 வருது. இதுல உள்ள தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்க பஸ் காசையும் பேசின சம்பளத்தையும் போட்டுப் பாருங்க.

புடவைக் கடை டவுன்லயே இருக்கிறதால பயணம் இல்லை. ஆனா கிழமைக்கு 5 நாள், 3 மணித்தியாலம், முழுக்க நின்னுக்கிட்டே. 4 மணிக்கு விரிவுரை முடிஞ்சு 4.30க்குக் கடையில நிக்கணும்னா, விரிவுரை பத்து நிமிஷம் இழுத்தாலே தினமும் ஓட்டம். 7.30ன்னு சொன்னாலும் துணியை மடிச்சு அடுக்கி ஷட்டர் இழுக்க 8 தாண்டும், தீபாவளி மாசத்துல இன்னும் பிந்தும். போர்டிங் கேட் எத்தனை மணிக்குப் பூட்டுறாங்கன்னு கேட்டுட்டு முடிவெடுங்க.

நீங்க எழுதாத அஞ்சாவது ஒண்ணு இருக்கு. கணக்கியல் படிக்கிறவருக்கு அதுதான் நல்லதுன்னு நினைக்கிறேன். பதுளையிலயும் பண்டாரவளையிலயும் மொத்த வியாபாரக் கடைகள், மரக்கறிக் கமிஷன் கடைகள், ஹார்ட்வெயார்கள்னு எக்கச்சக்கம் இருக்கு. நிறையக் கடையில தினசரி விற்பனை ஒரு கொப்பி, கடன் இன்னொரு கொப்பி, சப்ளையர் பில் ஆணியில குத்தி. கிழமைக்கு ரெண்டு நாள் பின்னேரம், ரெண்டு ரெண்டு மணித்தியாலம் போய் காசுப் புத்தகம் எழுதி, கடன்காரர் பட்டியலைக் கடன் எத்தனை நாள் பழசுங்கிறபடி பிரிச்சு, மாசக் கடைசியில கடைக் கணக்கையும் பேங்க் கணக்கையும் ஒப்பிட்டு வங்கிக் கணக்கிணக்கக் கூற்று போட்டுக் கொடுத்தா முதலாளிக்குப் பெரிய உதவி. கடைக்காரருக்கு உண்மையிலயே வேணுங்கிறது ரெண்டு விஷயம்: யாரு எவ்வளவு நாளா காசு தரணும், எந்தத் திகதியில எந்த செக் பேங்குக்குப் போகும். இந்த ரெண்டையும் எக்செல்ல ஒரே பக்கத்துல காட்டுற மாதிரி மாதிரித்தாள் ஒண்ணு தயார்பண்ணி, பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க. வேலை இருக்கான்னு கேட்கிறதைவிட இது பேசும்.

போற நாளும் முக்கியம். 10ஆம் திகதிக்குத் தோட்டச் சம்பளம், அதை ஒட்டிய நாள்ல கடையில நிக்க இடமிருக்காது, முதலாளி முகம் கொடுக்க மாட்டார். 20க்குப் பிறகு ஒரு செவ்வாயோ புதனோ போங்க. மார்ச் 31 நிதியாண்டு முடிவு. ஸ்டொக் கணக்கெடுக்க ஆள் தேடுவாங்க, பெப்ரவரியிலயே சொல்லி வைங்க.


தொழில்_சட்டம்_ஹட்டன்:

சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

தேசிய குறைந்தபட்ச வேதனம் 2026 ஜனவரி முதல் மாதம் 30,000 ரூபா, நாளுக்கு 1,200 ரூபா. அதற்கு முன் 2025 ஏப்ரல் முதல் 27,000. எட்டு மணித்தியால நாள் என்று பிரித்துப் பார்த்தால் மணித்தியாலத்துக்கு 150 வரும். புடவைக் கடையில் 3 மணித்தியாலத்துக்கு 450க்குக் கீழே சொன்னால் அது குறைவான பேச்சு என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். பழைய 17,500 ரூபா கணக்கை வைத்துக்கொண்டு பேசுபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

ஊழியர் சேமலாப நிதி பகுதிநேர ஊழியருக்கும் உண்டு. நிரந்தரம், தற்காலிகம், அமயம் என்ற வேறுபாடு 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்துக்குக் கிடையாது, வேலை தொடங்கிய நாளிலிருந்தே கணக்கு. உங்கள் சம்பளத்தில் 8 வீதம் பிடிப்பார்கள், தொழில் தருநர் தன் பக்கத்திலிருந்து 12 வீதம் போட வேண்டும். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 3 வீதம், அது முழுக்க அவர் பொறுப்பு, உங்கள் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. மேலே சொன்ன 9,600 ரூபா சம்பளத்துக்கு சேமலாப நிதியில் மாதம் 1,920 ரூபா சேர வேண்டும். "உங்களுக்கு நல்லதுக்குத்தான், 8 வீதம் பிடிக்காமல் முழுச் சம்பளமும் தருகிறேன்" என்று சொல்கிறவர் தன் 12 வீதத்தை மிச்சம் பிடிக்கிறார்.

இதைவிட மோசமானது 8 வீதத்தைப் பிடித்துவிட்டு நிதிக்குக் கட்டாமல் விடுவது. பிடித்த தொகை சம்பளச் சிட்டையில் தெரிய வேண்டும், உங்களுக்கு ஓர் அங்கத்துவ இலக்கம் இருக்க வேண்டும். இரண்டு மாதமாகியும் இலக்கம் தரவில்லை என்றால் கேளுங்கள். அடையாள அட்டை இலக்கம் ஒரு எழுத்துப் பிசகாமல் படிவத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டப் பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர் என்று இருப்பது சாதாரணம். அதை வேலைக்குச் சேருமுன் திருத்துவது லேசு, காசை மீளப் பெறும் வயதில் திருத்துவது பெரும் அலைச்சல்.

கடையும் காரியாலயமும் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின் கீழ் வரும். சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8, கிழமைக்கு 45 மணித்தியாலம், அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. மாதச் சம்பளம் என்றால் மாதம் முடிந்து 10 நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

நியமனக் கடிதம் கேளுங்கள். "பகுதிநேரத்துக்கு எதற்குக் கடிதம்" என்பார்கள். அப்படியானால் பேசி முடித்த அன்றிரவே வட்ஸ்அப்பில் நீங்களே மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள்: "வணக்கம் சேர், இன்று பேசியபடி வரும் சனிக்கிழமை முதல் காலை 8 முதல் 5 வரை, நாளுக்கு 1,200 ரூபா, சம்பளம் 5ஆம் திகதி, பகல் சாப்பாடு உண்டு. சரிதானே?" அவர் "ஓம்" என்று ஒரு சொல் பதில் போட்டாலும் போதும். பிரச்சினை வந்து பதுளை மாவட்டத் தொழில் அலுவலகத்துக்குப் போனால் முதலில் கேட்பது வேலை செய்ததற்கு என்ன அத்தாட்சி என்பதுதான். ஒவ்வொரு கிழமையும் ரோஸ்டரைப் படம் எடுத்து வையுங்கள், வந்த நேரம் போன நேரத்தை ஒரு சின்னக் கொப்பியில் எழுதுங்கள்.

காசாளர் இடத்தில் இருத்தினால், லாச்சியில் தொடக்கக் காசு எவ்வளவு என்று எண்ணிக் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள், ஒப்படைக்கும்போதும் அப்படியே. இரண்டு பேர் ஒரே லாச்சியில் கை வைக்கும் கடையில் குறைவு வந்தால் புதுப் பிள்ளையின் தலையில்தான் விழும். மூலச் சான்றிதழ்களை யாரிடமும் விட்டு வராதீர்கள், பிரதி மட்டும்.

மகாபொல பற்றி: உதவிப்பணத்துக்குக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் தொழில் பற்றிய நிபந்தனையை வாசியுங்கள், நிறுவகத்தின் மாணவர் நலப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். அதைவிடப் பெரிய ஆபத்து விரிவுரை வரவு. பரீட்சைக்கு 80 வீத வரவு கேட்பார்கள். வேலைக்காக வெள்ளிக்கிழமை விரிவுரையை விடத் தொடங்கினால், கிழமைக்கு ஐந்து நாளில் ஒரு நாள், அதாவது சரியாக 20 வீதம் போய்விடும். அதன்பின் ஒரு காய்ச்சலுக்குக்கூட இடமில்லை.


எல்ல_ரிசப்ஷன்:

எல்ல வேலையை மணித்தியாலக் கணக்கால் மட்டும் தள்ளிவிட வேண்டாம். சாப்பாடு கிடைக்கும், சில இடத்தில் சேவைக் கட்டணமும் பங்கு வரும், ஆங்கிலம் பழகும். ஆனால் சேவைக் கட்டணத்தில் பகுதிநேர ஆளுக்குப் பங்கு உண்டா, எப்படிப் பிரிப்பார்கள் என்று முதல் நாளே கேளுங்கள். பிறகு கேட்டால் வராது.

வேலை என்ன என்று தெரிந்துகொண்டு போங்கள். காலை 10 முதல் 11 வரை அறை விட்டுப் போகிறவர்கள், பகல் 2 மணியிலிருந்து வருகிறவர்கள். இடையில் உள்ள மூன்று மணித்தியாலம்தான் நெருக்கடி: அறை சுத்தமாகிவிட்டதா, பழைய பில் முடிந்ததா, வந்தவர் லக்கேஜை எங்கே வைப்பது. வருகிறவரின் பாஸ்போர்ட்டைப் பிரதி எடுத்து, பெயர், இலக்கம், நாடு, வந்த திகதி எல்லாம் பதிவேட்டில் எழுதி, பாஸ்போர்ட்டை அந்த நிமிஷமே திருப்பிக் கொடுக்க வேண்டும். மேசையில் வைத்துவிட்டால் தலைவலி.

அதிகம் பிழைக்கிற இடம் முன்பதிவு. புக்கிங் டொட் கொம், அகோடா, நேரடி வட்ஸ்அப் என்று மூன்று வழியில் ஒரே அறை விற்கப்படும். நாட்காட்டிகள் இணைக்கப்படாத இடத்தில் ஒரே இரவுக்கு இரண்டு குடும்பம் வந்து நிற்கும். போன உடனே கேளுங்கள்: நேரடிப் பதிவு வந்தால் மற்ற இரண்டிலும் யார் மூடுவது? "நீங்கள்தான்" என்றால், வட்ஸ்அப்பில் ஓம் சொல்லுமுன் மூடுங்கள், பிறகு அல்ல.

சீசன் டிசம்பர் முதல் மார்ச் வரையும், ஜூலை, ஆகஸ்டும். மே, ஜூன், செப்டம்பர், ஒக்டோபரில் அறைகள் காலியாகும், பகுதிநேர ஆளைத்தான் முதலில் "அடுத்த கிழமை வர வேண்டாம்" என்பார்கள். எனவே சீசன் இல்லாத மாதத்துக்கும் குறைந்தது இத்தனை நாள் என்று பேசுங்கள்.

சனி இரவு தங்கச் சொன்னால்? பெண் பிள்ளைகளுக்குத் தனி அறை, உள்ளே பூட்டக்கூடிய கதவு, இன்னொரு பெண் ஊழியர். இந்த மூன்றும் கண்ணால் பார்த்த பிறகுதான் ஓம் சொல்ல வேண்டும், வீட்டாரையும் ஒரு தடவை கூட்டிப்போய்க் காட்டுங்கள். தங்காவிட்டால் கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்படி வேலை முடிய வேண்டும். கடைசி பஸ்ஸை நம்பி நேரம் பேசக் கூடாது, அது ஓடாத நாளும் உண்டு.

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பசறை, எல்லப் பக்கத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விடும்: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலை. செம்மஞ்சள் வந்தால் அந்த ரோட்டில் வேலைக்காகப் பயணிக்க வேண்டாம். அந்த நாளை லீவாக எடுப்பார்களா, வராத நாளாகக் கழிப்பார்களா என்பதையும் சேரும்போதே பேசிவிடுங்கள்.


பசறை_கணிதம்:

டியூஷன்னா தனியா எழுதணும். ஏன்னா இதுலதான் உங்களுக்கும் காசு, தோட்டத்துக்கும் பிரயோசனம்.

புலமைப்பரிசில் வகுப்புல கை வைக்காதீங்க, குறைஞ்சது முதல் வருஷத்துல. அதுக்கு டவுன்ல பெரிய வகுப்புகள் இருக்கு, பெற்றோர் புள்ளியை எண்ணிக்கிட்டே இருப்பாங்க. சாதாரண தரக் கணிதம் எடுங்க. தோட்டப் பாடசாலைகள்ல கணிதத்துல விழுந்து உயர்தரம் போக முடியாம நிக்கிற பிள்ளைகள் நிறைய. அவங்களுக்கு ஏ வேணாம், எஸ் வேணும், அதாவது 35.

வினாத்தாள் அமைப்பைப் பாருங்க. முதலாம் பத்திரம் 2 மணித்தியாலம், அதுல ஏ பகுதி 25 சிறு கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 2 புள்ளி. பி பகுதி 5 கேள்வி, ஒவ்வொண்ணும் 10. இரண்டாம் பத்திரம் 3 மணித்தியாலம், ஏ பகுதி ஆறுல ஐந்து, பி பகுதி ஆறுல ஐந்து. பலவீனமான பிள்ளைக்கு முதலாம் பத்திரம்தான் உயிர். முதல் மூணு மாசம் பின்னம், வீதம், பரப்பளவு, தொடைகள், நிகழ்தகவு இவ்வளவும் போதும். இரண்டாம் பத்திரத்துல இருபடிச் சார்பின் வரைபும், கூட்டமாக்கிய தரவுகளின் இடையும். ரெண்டும் படி மாறாத கணக்கு, பழகினா புள்ளி வரும். கேத்திரகணித நிறுவலைக் கடைசிக்கு விடுங்க.

வரைபுல பிள்ளைகள் விழுறது எங்கேன்னா, x மறைப் பெறுமானமா வரும்போது வர்க்கத்துல குறி பிழைக்கும். x = −2ன்னா x²க்கு −4ன்னு எழுதுவாங்க. அட்டவணையில x²க்கு ஒரு நிரலை, −4xக்கு ஒரு நிரலை, மாறிலிக்கு ஒரு நிரலைன்னு தனித்தனியா போட வைங்க. ரெண்டு கிழமையில மாறும்.

கடந்தகால வினாத்தாள் பரீட்சைத் திணைக்கள இணையத்தளத்துல இருக்கு, பாடநூல் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்துல இலவசமா இறக்கலாம். கைடு வாங்கச் சொல்லிப் பெற்றோருக்குச் செலவு வைக்காதீங்க.

இடம்: வீட்டு முன் காம்பராவுல 8 பிள்ளைகளை உட்கார வைக்கிறது கஷ்டம், லயத்துல சத்தமும் இருக்கும். கோயில் மண்டபம், முன்பள்ளிக் கட்டிடம் கேட்டுப் பாருங்க. தோட்டத்துக்குச் சொந்தமான கட்டிடம்னா முகாமையாளருக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுமதி வாங்கணும்: நாள், நேரம், பிள்ளைகள் எண்ணிக்கை, சாவி யார்கிட்ட. வாய்ச்சொல்லை நம்பி தொடங்கினா ஒரு நாள் பூட்டு தொங்கும்.

கட்டணத்தை 10ஆம் திகதிச் சம்பளத்துக்கு அடுத்த வகுப்புல வாங்குங்க. 25ஆம் திகதின்னா யார் கையிலயும் இருக்காது. ஒரே வீட்டுல ரெண்டாவது பிள்ளைக்குப் பாதி. கட்ட முடியாத பிள்ளையை எல்லார் முன்னாலயும் பேர் சொல்லிக் கேட்காதீங்க, அந்தப் பிள்ளை வகுப்புக்கு மட்டுமில்ல, ஸ்கூலுக்கும் வராம நின்னுடும்.


இணையப்_பாதுகாப்பு:

நாலாவதை, அந்த வட்ஸ்அப் டேட்டா என்ட்ரியை, இப்போதே விட்டுவிடுங்கள். சம்பளம் தருகிறவர் உங்களிடம் காசு கேட்க மாட்டார். ரெஜிஸ்ட்ரேஷன், பயிற்சிக் கட்டணம், சொப்ட்வெயார் கட்டணம் எல்லாம் ஒரே தூண்டில்.

இதன் இன்னொரு வடிவம் டெலிகிராமில் வரும் "டாஸ்க்". வீடியோவுக்கு லைக் போட்டால் 200 ரூபா என்பார்கள், முதல் இரண்டு மூன்று தடவை உண்மையாகவே போடுவார்கள். பிறகு "விஐபி டாஸ்க்", அதற்கு 5,000 வைப்பு, அதை எடுக்க 15,000. அந்த முதல் 200 உங்கள் நம்பிக்கையை வாங்குவதற்கான செலவு.

பேங்க் கணக்கைக் கொஞ்ச நாளைக்குப் பாவிக்கத் தா, கமிஷன் தருகிறேன் என்றால் அது இன்னும் ஆபத்து. மோசடிக் காசு உங்கள் பெயரில் நகரும், கணக்கு முடங்கும், பொலிஸ் முதலில் தேடி வருவது உங்களை. ஆள் சேர்த்தால் பணம் என்ற பிரமிட் திட்டம் வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவின் கீழ் குற்றம். தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பட்டியலை மத்திய வங்கி வெளியிட்டிருக்கிறது.

நேர்மையான இணைய வேலை வேண்டுமானால் ஃபைவர் போன்ற தளத்தில் யுனிகோட் தமிழ்த் தட்டச்சு, எக்செல் கணக்குப் பதிவு என்று தொடங்கலாம். ஆனால் கணக்கைச் சரியாகப் போடுங்கள்: 5 டொலர் வேலையில் தளம் 20 வீதம் எடுக்கும், கையில் 4. அதுவும் வேலை முடிந்து 14 நாள் கழித்துத்தான் விடுபடும். இலங்கையில் பேபால் மூலம் காசைப் பெற முடியாது, பேயோனியர் வேண்டும். முதல் வேலை கிடைக்கவே மாதக்கணக்காகலாம், போர்டிங் காசை இதை நம்பி வைக்க வேண்டாம். சிக்னல் விட்டு விட்டு வரும் தோட்டத்தில் காலக்கெடு வேலையை ஏற்காதீர்கள், பதுளையில் இருக்கும் நாட்களுக்கு மட்டும் எடுங்கள்.


நமுனுகுல_மாணவி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டேட்டா என்ட்ரி நம்பரை ப்ளொக் பண்ணிட்டேன். ஞாயிறு காலை டியூஷன், செவ்வாய் வியாழன் பின்னேரம் கடைக் கணக்கு, இப்படிச் சேர்த்துச் செய்தா படிப்பு கெடுமா? தோட்ட விலாசத்துக்குக் கடிதம் வந்து சேர நாளாகுது, சுயவிபரக் கோவையில என்ன விலாசம் போடுறது?


ஊவா_கணக்கர்:

கிழமைக்கு 4 மணித்தியாலம் டியூஷன், 4 மணித்தியாலம் கடை, தயார்பண்ண 2. மொத்தம் 10. இது தாங்கும். 15 தாண்ட விடாதீங்க. பரீட்சைக்கு முந்தின மூணு கிழமை கடைக்கு வர ஏலாதுன்னு சேரும்போதே திகதியோட சொல்லுங்க. முதலாளிக்கு மாசக் கடைசிதான் முக்கியம், அதுக்கு முந்தியே வேலையை முடிச்சுக் கொடுத்தா ஒத்துக்குவார். டியூஷன் பிள்ளைகளுக்கு அந்த மூணு கிழமைக்கு வினாத்தாள் பொதி கொடுத்துட்டு, ஞாயிறு ஒரு மணித்தியாலம் மட்டும் திருத்திக் கொடுங்க.

சுயவிபரம் ஒரு பக்கம். மேல பெயர் அடையாள அட்டையில உள்ளபடி. நிரந்தர விலாசம் தோட்டம், பிரிவுப் பெயரோட. அதுக்குக் கீழ "தொடர்பு விலாசம்"னு போர்டிங் விலாசம், வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டு. தோட்டத்துக்கு வர்ற தபால் ஒஃபிஸ்ல கிடந்து கைமாறித்தான் வரும், நேர்முகக் கடிதம் திகதி கடந்து வந்தா பிரயோசனம் இல்லை. போன் நம்பர் ரெண்டு போடுங்க, ரெண்டாவது சிக்னல் உள்ள இடத்துல இருக்கிற ஒருத்தருடையது.

அனுபவம்னு தலைப்பே வேணாம். "செய்யத் தெரிந்தவை"ன்னு போட்டு: எக்செல்ல விற்பனைச் சுருக்கம், கடன்காரர் வயதுப் பகுப்பு, வங்கிக் கணக்கிணக்கக் கூற்று, தமிழ் யுனிகோட் தட்டச்சு. சிங்களம், ஆங்கிலம் பேச, வாசிக்க, எழுதன்னு தனித்தனியா. சிங்களம் பேச மட்டும்தான் வரும்னா அப்படியே எழுதுங்க, கடையில முதல் பத்து நிமிஷத்துல தெரிஞ்சிடும். கிடைக்கிற நேரம்: செவ்வாய், வியாழன் பின்னேரம் 4.45 முதல் 6.45. இந்த வரியைத்தான் கடைக்காரர் முதல்ல தேடுவார். கடைசியில உறவினர் அல்லாத ரெண்டு பேர், ஒருத்தர் விரிவுரையாளர், இன்னொருத்தர் படிச்ச பாடசாலை அதிபர். பேரைப் போட முந்தி ரெண்டு பேர்கிட்டயும் அனுமதி கேளுங்க.


தொழில்_சட்டம்_ஹட்டன்:

ஒன்றைச் சேர்க்கிறேன். சம்பளத்தைப் பேங்கில் போடச் சொல்லுங்கள், கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். விலாசத்துக்கு அத்தாட்சி கேட்டால், மின்சாரப் பட்டியல் உங்கள் வீட்டுப் பெயரில் இருக்காது என்பதால், கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழை வாங்கிப் பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வைத்துக் கொண்டுபோங்கள். கிராம உத்தியோகத்தர் ஒஃபிஸில் இருக்கும் நாள் எது என்று முதலில் போனில் கேட்டுவிட்டு விடுமுறை எடுங்கள். பிரதேச செயலகத்துக்குப் போகிற அன்றே அங்குள்ள மனிதவலு, வேலைவாய்ப்புத் திணைக்கள உத்தியோகத்தரிடம் பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள். அதற்குக் கட்டணம் இல்லை, தொழிற்சந்தை நடக்கும்போது தகவல் சொல்லச் சொல்லி போன் நம்பரையும் கொடுத்து வையுங்கள்.